ஒரு தள வீட்டுக்கு பிளான் போடுகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

மனை 30×60 அடி, கிழக்கு வாசல். 23×40 அளவில் 920 சதுர அடிக்குத் தரைத்தளம் மட்டும் கட்டப்போகிறோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 70 வயதைத் தாண்டிய அம்மா. மூன்று பெட்ரூம், மூன்றுக்கும் அட்டாச்டு பாத்ரூம் கேட்டோம். அப்படியே பிளான் வந்திருக்கிறது. பெட்ரூம் எல்லாம் 10×10, ஹால் 10×14. இது சரியாக வருமா?
– வாசகர், மணப்பாறை

பேப்பரில் வந்துவிட்டது. குடியிருக்க வராது. முதலில் கணக்கைப் பாருங்கள். 920 என்பது சுவரையும் சேர்த்த அளவு. வெளிச்சுவர் முக்கால் அடி என்றால் உள்ளே கிடைப்பது 21½×38½, அதாவது சுமார் 828 சதுர அடி. மூன்று பெட்ரூம் பிளானில் உள்ளே நாலரை இஞ்ச் சுவர் ஏறக்குறைய 95 அடி ஓடும். அது 36 சதுர அடியைத் தின்றுவிடும். ஆகக் கையில் இருப்பது 790 சொச்சம். இந்த 790-ஐத்தான் நீங்கள் பங்கு போடவேண்டும்.

இப்போது அந்த 10×10 பெட்ரூமுக்குள் போவோம். பூச்சு போனால் சுவருக்குச் சுவர் 9 அடி 11 இஞ்ச். ஒரு சுவரில் 2 அடி ஆழத்துக்கு அலமாரி. மீதி 7 அடி 11 இஞ்ச். எதிர்ச் சுவரில் தலைமாட்டை வைத்து 6½ அடி நீளக் கட்டிலைப் போட்டால், கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே 1 அடி 5 இஞ்ச்தான் மிஞ்சும். அலமாரிக் கதவு ஒன்றரை அடி அகலம். முழுசாகத் திறக்காது. தச்சர் வந்து நிற்கும்போதுதான் இது தெரியவரும். அப்போது சுவர் எழும்பி, பெயின்டும் அடித்திருப்பீர்கள். கட்டிலும் அலமாரியும் எதிரெதிராக வரும் திசையில் அறை 12 அடி இருந்தால் நடுவில் 3 அடி 5 இஞ்ச் கிடைக்கும், நிம்மதியாகப் புழங்கலாம். இன்னொரு திசையில் 10 அடி போதும்.

அடுத்து ஹால். 10×14 ஹாலின் சுற்றளவு 48 அடி. அதில் தலைவாசல் 3½ அடி, மூன்று பெட்ரூம் கதவு 9 அடி, சமையலறை வழி 3 அடி, முன்பக்க ஜன்னல் 5 அடி. 20 அடிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருக்கும் சுவரும் துண்டு துண்டாக நிற்கிறது. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஏழடி முழுச் சுவர் வேண்டும்; டிவிக்கு அதன் எதிரே இன்னொரு சுவர் வேண்டும். உங்கள் பிளானில் அப்படி ஒரு ஜோடிச் சுவர் இல்லை. எந்த அறைக்குப் போனாலும் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே குறுக்கே நடந்துதான் போகவேண்டும்.

இன்னொன்று, மூன்று பாத்ரூமும் பெட்ரூமுக்குள் இருப்பதால், வந்த விருந்தாளி யாரோ ஒருவர் பெட்ரூம் வழியாகத்தான் போகவேண்டும். பாத்ரூமைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் 900 சதுர அடியில் இரண்டுதான் நியாயம். ஒன்று உங்கள் அறைக்கு அட்டாச்டு. மற்றது பொது, அம்மா அறைக் கதவை ஒட்டி. இரண்டையும் முதுகுக்கு முதுகு ஒரே சுவரில் வையுங்கள். தண்ணீர்க் குழாய் அந்த ஒரு சுவரில் முடிந்துவிடும், வெளியே சேம்பரும் குறையும்.

என் பங்கீடு இப்படி. பெட்ரூம்கள் 10×12, 10×11, 9×10: மொத்தம் 320. பாத்ரூம் 5×8-ம் 4½×8-ம் சேர்த்து 76. சமையலறை 8×10, அது 80. ஹாலையும் டைனிங்கையும் நடுவில் சுவர் வைக்காமல் ஒன்றாக 11×20 விட்டால் 220. பெட்ரூம் கதவுகள் எல்லாம் ஹாலைப் பார்க்காமல் 3½ அடி நடையில் திறக்கட்டும்; அதற்கு 45. கூட்டினால் 741. பாக்கி ஐம்பதில் 4×8 பின்கட்டும் பூஜைக்கு ஒரு மாடமும் வந்துவிடும். நடைக்குப் போகும் 45 சதுர அடி வீண் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். அந்த நடைதான் ஹாலுக்கு இரண்டு முழுச் சுவர்களைக் காப்பாற்றிக் கொடுக்கிறது.

திருத்திய பிளான் வந்ததும் கிராஃப் பேப்பரில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வரைந்துகொள்ளுங்கள். இப்போது வீட்டில் இருக்கும் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், டைனிங் டேபிள் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, அதே கணக்கில் அட்டையில் வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். கதவு திறக்கும் கால்வட்டத்தையும் வரையுங்கள். எங்கே இடிக்கிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

வாஸ்துப்படி தென்மேற்கில் மாஸ்டர் பெட்ரூம் வைத்தே ஆகவேண்டும் என்கிறார் மாமனார். மேற்குச் சுவர் கொதிக்கும், அங்கே படுக்கவே முடியாது என்கிறார் இன்ஜினீயர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, வேலூர்

இருவரும் சண்டை போடத் தேவையில்லை. இன்ஜினீயர் சொல்லும் சூடு உண்மை. முக்கால் அடி செங்கல் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப்போகும் நேரத்தில் உள்ளே கக்கும். மேற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போட்டும் பெரிய பயனில்லை. கோடையில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் தாழ்ந்து நிற்கும்போது அந்த ஷேடு மறைப்பது ஜன்னலின் மேல் ஒரு அடியைத்தான். அதே 2 அடி ஷேடு தெற்கு ஜன்னலில் மார்கழி உச்சிவெயிலில் நாலடி ஜன்னலின் மூன்றில் இரண்டு பாகத்தை மறைத்துவிடும்.

ஆகவே அறை தென்மேற்கிலேயே இருக்கட்டும். பெரிய ஜன்னலைத் தெற்குச் சுவரில் வையுங்கள். மேற்குச் சுவர் நெடுக 2 அடி ஆழ அலமாரியும், அதன் மேல் தளம் வரை லாஃப்டும் கொடுங்கள். துணியும் பெட்டியும் நிறைந்த அலமாரி சூட்டைத் தடுத்து நிறுத்தும். கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில் வேண்டாம். தெற்கிலோ கிழக்கிலோ வையுங்கள். மேற்கு ஓரத்தில் மீதியிருக்கும் இடத்தில் பாத்ரூம், ஸ்டோர் போன்ற அறைகளைத் தள்ளுங்கள். காம்பவுண்டுக்குள் 6 அடி இடம் இருந்தால் மேற்கில் ஒரு புங்கை வைக்கலாம். சுவரிலிருந்து தள்ளி நடுங்கள், செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு தள வீட்டில் சுவரைவிட மேல்தளம்தான் அதிகச் சூட்டை இறக்கும். தட்டோடு பதித்து, அதற்கு மேல் வெள்ளை கூலிங் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ கொடுக்கும் செலவை எஸ்டிமேட்டில் இப்போதே சேருங்கள். கையிருப்பு கரைந்த கடைசி மாதத்தில் எல்லோரும் வெட்டுவது இதைத்தான்.

காற்றோட்டத்துக்கு ஒவ்வொரு பெட்ரூமிலும் இரண்டு சுவர்களில் ஜன்னல் வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பது கணக்கில் சேராது, உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை. நகரும் கண்ணாடி ஜன்னல் போடுவதாக இருந்தால், 4 அடி ஜன்னலில் ஒரு நேரத்தில் திறந்திருப்பது 2 அடிதான் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக்கு 8×8 போதுமா? மேடையை எப்படி அமைப்பது?
– வாசகி, போடிநாயக்கனூர்

ஒருவர் சமைக்கும் வீடு, பாத்திரம் கழுவப் பின்னால் தனி இடம், ஃபிரிட்ஜ் டைனிங் பக்கம் – இந்த மூன்றும் உண்டென்றால் 8×8 போதும். ‘ட’ வடிவில் 2 அடி மேடை போட்டால் நிற்க 6×6 கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து புழங்குவீர்கள் என்றால் 8×10 கேளுங்கள். இரண்டு பக்கமும் மேடை வைக்க 8 அடி அகலம் கட்டாயம்: 2, 4, 2. ஏழடியில் இரு மேடை வைத்தால் நடுவே 3 அடிதான். கீழ் டிராயரை ஒருவர் இழுத்துவிட்டால் இன்னொருவர் நகர முடியாது.

அறையின் அளவைவிடக் கதவு எங்கே வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சுவரின் நடுவில் கதவு வந்தால் இரண்டு பக்கமும் உதவாத துண்டுகள் நிற்கும். மூலையிலிருந்து 2 அடி 3 இஞ்ச் விட்டுக் கதவு வைத்தால், மேடையோ அலமாரியோ கதவுநிலையில் இடிக்காமல் அந்த மூலையில் உட்காரும்.

மேடை உயரம் பொதுவாக 32 முதல் 34 இஞ்ச். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 4 முதல் 6 இஞ்ச் கீழே மேடை இருக்கவேண்டும். இந்த உயரத்தைத் தரை டைல்ஸ் போட்ட பிறகு வரும் மட்டத்திலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். டைல்ஸுக்கு முன்பே கடப்பா கல்லைப் பதித்துவிட்டு, பிறகு தரை 2 இஞ்ச் ஏறி மேடை தாழ்ந்துபோன வீடுகள் எத்தனையோ.

சிங்க் ஜன்னலுக்கு நேரே வரட்டும். அடுப்பு ஜன்னலுக்கு நேரே வேண்டாம், காற்றில் ஜுவாலை அலையும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே 3 அடி மேடை வெறுமையாக இருந்தால் நறுக்க, எடுத்துவைக்க வசதி. சிலிண்டர் இரண்டு நிற்க அடுப்பின் பக்கவாட்டில், அடுப்புக்கு நேர்கீழ் அல்லாமல், கதவில்லாத இடம் விடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் தரை மட்டத்தில் வெளிச்சுவரில் 6×6 இஞ்ச் ஜாலி (காற்றுப் போகும் துளைக்கல்) ஒன்று கட்டாயம்; மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்கு ஈடாகாது.

கிரைண்டரை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் மேடையை முடிக்கிறார்கள். டேபிள்டாப் ஆனாலும் கல்லோடு பத்து கிலோவுக்கு மேல் கனக்கும், தினமும் தூக்கி இறக்கும் பொருள் இல்லை. மேடையின் கடைசி 2 அடியை 28 இஞ்ச் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினால் மாவைத் தள்ளவும் கல்லைக் கழுவவும் தோள் வலிக்காது. அங்கே ஒரு பிளக், மிக்சிக்கு ஒன்று, வாட்டர் ஃபில்டருக்கு சிங்க் பக்கம் ஒன்று, இன்டக்‌ஷன் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனி 16 ஆம்பியர். ஃபிரிட்ஜை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் உள் டிரே வெளியே வரும்.

மாடிப்படி வீட்டுக்குள்ளா, வெளியிலா? படிக்கு அடியில் ஒரு பாத்ரூம் வைக்கலாமா? பின்னாளில் மாடி எடுக்கும் எண்ணம் உண்டு.
– வாசகர், காரைக்குடி

படியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். உள் உயரம் 10 அடி, தளம் 5 இஞ்ச், ஆக ஏறவேண்டியது 125 இஞ்ச். ஒரு படி 7 இஞ்ச் வீதம் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படியாக இரண்டு 9-ஆகப் பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் 10 இஞ்ச் அகலத்தில் 8 மிதிபடி, 6 அடி 8 இஞ்ச். திரும்பும் மேடை 3 அடி, கீழே நிற்க 3 அடி. நீளம் 12 அடி 8 இஞ்ச், அகலம் சுமார் 6 அடி 4 இஞ்ச். கிட்டத்தட்ட 80 சதுர அடி, ஒரு சமையலறையின் இடம்! மாடி வாடகைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், படி வெளியில்தான். மகனோ மகளோ மேலே குடிவரப்போகிறார்கள் என்றால் போர்டிகோவை ஒட்டி, வெளியிலிருந்தும் ஹாலிலிருந்தும் ஏறும்படி இரண்டு கதவு வைத்துவிடுங்கள். எந்தக் கதவைப் பூட்டுவது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். பக்கவாட்டில் விதிப்படி விடவேண்டிய சந்தில் படியைக் கொண்டுபோய்ச் சொருகுவது மட்டும் வேண்டாம். அப்ரூவலிலும் சிக்கல், ஆள் நடக்கவும் வழி போய்விடும்.

படிக்கு அடியில் பாத்ரூம் வராது. திரும்பும் மேடைக்குக் கீழ் உயரம் 9 ஏற்றம், அதாவது 62 இஞ்ச். அதில் கான்கிரீட் 5 இஞ்ச் போனால் 4 அடி 9 இஞ்ச். குனிந்துகொண்டுதான் உள்ளே போகமுடியும். இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், செருப்பு ஸ்டாண்டு வைக்க நல்ல இடம்.

மாடி எடுப்பீர்கள் என்பதை இப்போதே இன்ஜினீயரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அஸ்திவாரமும் பில்லரும் இரண்டு தளத்தின் பாரத்துக்கு டிசைன் ஆகவேண்டும். மேல்வீட்டுப் பாத்ரூம் கீழ்வீட்டுப் பாத்ரூமுக்கு நேர்மேலே வரும்படி இப்போதே யோசித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே உங்கள் கட்டிலுக்கு மேல் கழிவுக்குழாய் ஓடும். பில்லரில் மேலே நீட்டி விடும் கம்பி, 16 மி.மீ. என்றால் குறைந்தது 2 அடி 8 இஞ்ச் இருந்தால்தான் பின்னால் ஜோடிக்க முடியும். அதை வெறுமனே மழையில் விடக்கூடாது. சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைத்த கான்கிரீட்டால் மூடுங்கள். மாடி எடுக்கும்போது உடைப்பது சுலபம், கம்பியும் துருவேறாமல் இருக்கும்.

செப்டிக் டேங்க், சம்ப், போர் மூன்றையும் எங்கெங்கே வைப்பது? எங்கள் ஊரில் மழைக்காலத்தில் தண்ணீர் மேலேயே நிற்கும்.
– வாசகர், மன்னார்குடி

போர் ஒரு மூலை என்றால் செப்டிக் டேங்க்கும், அதிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறைக்குழியும் அதற்கு நேர் எதிர் மூலை. உறைக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி தூரம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சின்ன மனையில் அந்தத் தூரம் கிடைக்காது என்றால் அந்தப் போர் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் போர் எங்கே என்று கேட்டுக்கொண்டு பிறகு குழி தோண்டுங்கள். சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் ஒரே பக்கம் அருகருகே வரக்கூடாது.

ஆறேழு பேருக்கு டேங்க் 6½ அடி நீளம், 3 அடி அகலம், நீர் நிற்கும் ஆழம் 4½ அடி, மேலே ஒரு அடி வெற்றிடம். பாத்ரூம் வீட்டின் பின்பக்கமும் டேங்க் முன்பக்கமும் இருந்தால் வாட்டம் கணக்குப் பாருங்கள். அடிக்குக் கால் இஞ்ச் வீதம் 40 அடிக்கு 10 இஞ்ச் இறங்கவேண்டும். உங்களைப் போன்ற டெல்டா ஊர்களில் அந்த 10 இஞ்ச்சே பெரிய விஷயம். டேங்க் ஆழமாகப் போய்விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் வெளித்தண்ணீர் உள்ளே ஏறி, கழிப்பறையில் எதிர்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே பாத்ரூமை டேங்க்குக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவாருங்கள். பேஸ்மெண்ட்டை ரோட்டிலிருந்து 3 அடி உயர்த்துங்கள். டேங்க்கின் மூடி தரைக்கு மேல் ஒரு அடி தெரியட்டும், உள்ளும் புறமும் நீர்புகாப் பூச்சு வேண்டும். ஆழமான உறைக்குப் பதில் ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத வாய்க்காலாகக் கழிவுநீரைப் பரப்பிவிடுவது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும். மழைக்காலத்தில் டேங்க்கை முழுசாகக் காலி செய்யாதீர்கள். வெற்று டேங்க்கை நிலத்தடி நீர் மேலே தூக்கப் பார்க்கும், பிளாஸ்டிக் டேங்க் என்றால் நிச்சயம் தூக்கும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதன் குழியும் செப்டிக் டேங்க் பக்கம் வரக்கூடாது.

அப்பாவுக்கு நடக்கச் சிரமம். அவர் பாத்ரூமுக்கு என்ன மாற்றம் செய்வது?
– வாசகி, பல்லடம்

கதவைத்தான் முதலில் மாற்றவேண்டும். வழக்கமாக பாத்ரூமுக்கு 2½ அடி நிலை வைப்பார்கள். மரம் போக 26 இஞ்ச்தான் வழி. சக்கர நாற்காலி 25 இஞ்ச் இருக்கும், தள்ளுபவர் கை சிராய்க்கும். 3 அடி நிலை வைத்து, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள். உள்ளே விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெஸ்டர்ன் கோப்பையின் நடு, பக்கச் சுவரிலிருந்து 18 இஞ்ச். அந்தச் சுவரில் கைப்பிடி. கைப்பிடி வரும் இடத்தில் ஹாலோ பிளாக் வேண்டாம், செங்கல் கட்டுங்கள், போல்ட் பிடிக்கும். வாசலில் படி வைக்காமல், குளிக்கும் பக்கத்தை மட்டும் அரை இஞ்ச் தாழ்த்தி வாட்டம் கொடுத்தால் தண்ணீர் வெளியே வராது. சொரசொரப்பு டைல்ஸ், பெட்ரூமிலிருந்தே போடும் லைட் சுவிட்ச், இவ்வளவு போதும்.

சொந்த வீட்டு பிளானுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும் என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

கிடைக்கும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் அது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதனுடன் முதல் தளமோ உள்ள குடியிருப்பு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே சான்றளித்துப் பணம் கட்டி அனுமதி எடுக்கலாம். பிளான் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அதனால் முன்பக்கம், பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளோடு வைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்; முன்புற இடைவெளி உங்கள் ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்ட ஒரு பிளான் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக் கடனின் அடுத்த தவணைக்கு ஆள் வந்து அளக்கும்போது அங்கேயே நின்றுவிடும்.

வேலை தொடங்குமுன் இன்ஜினீயரிடம் என்னென்ன வரைபடம் வாங்கவேண்டும்?
– வாசகர், சிவகாசி

அளவு போட்ட பிளான் மட்டும் போதாது. பில்லரின் மையக்கோடு காட்டும் வரைபடம், கம்பி விவரம், கதவு ஜன்னல் பட்டியல், பொருள்கள் போட்ட பிளான், அதன் மேல் சுவிட்ச் – பிளக் குறித்தது, தண்ணீரும் கழிவும் போகும் குழாய் வரைபடம், இத்தனையும் கேட்டு வாங்குங்கள். மார்க்கிங் அன்று மேஸ்திரியிடம் இருக்கவேண்டியது மையக்கோட்டு வரைபடம். கயிறு கட்டிச் சுண்ணாம்பு போட்டதும் ஒவ்வொரு செவ்வகத்துக்கும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். 23×40-க்கு இரண்டு குறுக்களவும் 46 அடி 1¾ இஞ்ச்சுக்கு வரவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மூலைமட்டம் இல்லை என்று அர்த்தம், குழி வெட்ட விடாதீர்கள். சுண்ணாம்புக் கோட்டில் அறைகள் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும், அதைப் பார்த்து அங்கேயே ஒரு அடி கூட்டச் சொல்லாதீர்கள். சந்தேகமாக இருந்தால் கட்டில் அளவுக்கு நான்கு செங்கல்லை மூலைக்கு ஒன்றாக வைத்து, சுற்றி நடந்து பாருங்கள்.